இடுப்பில் ஒரு பாரம்

12 நவம்பர், செவ்வாய், ஹோர்சன்ஸ், டென்மார்க்

டெக்சாஸில் கடை வைத்திருக்கும் தம்பி ரவி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இரண்டு சின்னக் கைத்துப்பாக்கிகளின் படத்தைக் காட்டினான். "அண்ணை, ஒவ்வொரு நாளும் கொண்டு திரிய எது நல்லம்? உங்களுக்குத்தானே தெரியும்."

இந்த நாட்டில் கத்தியோடு வெளியே போனாலே பொலிஸ் பிடிக்கும். ஆனாலும் என் வாயில் பதில் உடனே வந்தது. "குனிஞ்சா குத்தாததாப் பாத்து எடு. சேட்டைக் காற்சட்டைக்கு வெளியில விடு." சொல்லச் சொல்ல எனக்கு இருபது வயதாகிவிட்டது. இயக்கத்தில் இருந்த நாட்களில், விடியற்காலைக் குளிரில் சைக்கிள் மிதிக்கும்போது, இடுப்பிலிருக்கும் இரும்பு உடம்புச் சூட்டை மெல்ல வாங்கிக்கொள்ளும். அதை இன்னும் தேடுகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று மகளோடு நடந்தேன். பிசியோதெரபி படிப்பவள். "அப்பா, நடக்கேக்க உங்கட வலக்கை மட்டும் ஏன் வீசுதில்லை? தோள் நோவோ?"

"ஓம், பழைய நோ" என்றேன். தோளில் ஒரு நோவும் இல்லை; அந்தக் கை இன்னும் இடுப்பைக் காவல் காக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ரவியை வீடியோவில் அழைத்து, "வாங்காதை" என்றேன்.

"நேற்றே வாங்கியிட்டன் அண்ணை. வெளியில தெரியுதோ, பாருங்கோ." எழுந்து கடைக்குள் நடந்து காட்டினான்.

சேட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வலக்கை மட்டும் வீசவில்லை.