நேர்த்திப் புறா

வியாழன்

சோளகம், தென்மேற்குக் காற்று. சோற்றிலும் மண். பின்னேரம் அக்கா புருஷன், அத்தானின் லொறி வந்தது. இங்கே தலைமன்னாரிலிருந்து கருவாடு போனது, நுவரெலியாவிலிருந்து லீக்ஸ், கரட். லீக்ஸ் பெட்டி ஒன்றுக்குள் புறா!

கருஞ்சாம்பல் உடம்பு, பிடரியில் கறுப்பு வெள்ளைக் கட்டம். மலைப்புறா. நுவரெலியாவில் படிப்பித்த காலத்தில் குளிர்காட்டுக்குள் பார்த்தது. அந்த மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அங்கேயும் குறைந்துகொண்டு போகிறது.

மலை இறக்கத்தில் பிரேக் விட்ட அன்று அத்தான் மாதாவுக்கு நேர்த்தி வைத்தாராம். திருவிழாவுக்கு மலைப் பறவை ஒன்றைக் கோயில் வாசலில் பறக்க விடுவதாக.

"இங்க விட்டால் செத்துப்போகும் அத்தான். திருப்பிக் கொண்டுபோய் விடுங்கோ."

"விசரே உனக்கு? புறாவை எங்க விட்டாலும் வீட்டுக்குத்தான் போகும். என்ர புறாவள் விடத்தல்தீவில விட்டாலும் எனக்கு முதல் வந்து நிக்குதுகள்."

அது வளர்ப்புப் புறா, இது காட்டுப் பறவை. எத்தனை தரம் சொல்வது. சுவரோடு கதைத்திருக்கலாம்.

வெள்ளி

நெல், பயறு தொடவில்லை. பழம் தின்கிற சாதி. சந்தையில் பாலைப்பழம் வாங்கிக் கொடுத்தேன், கொஞ்சம் தின்றது. அப்பாடா. வெக்கையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. கூட்டின் மேல் ஈரச் சாக்குப் போட்டேன். அத்தான் இழுத்தெறிந்தார். பார்க்க வருகிற சனத்துக்கு மறைக்கிறதாம்.

அக்கா குசினி அடுப்படியில்: "அவரோட கொளுவாதை. நேர்த்திச் சாமான். நீ இருக்கிறதும் அவற்ர வீட்டில."

இன்றைக்கு அவளையும் பிடிக்கவில்லை.

சனி

பஸ்ஸில் நானே கொண்டுபோகலாமென்று விடிய எழும்பினேன். கூட்டைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார், பாவி! திறப்பு அவர் கழுத்தில், மாதா பதக்கத்தோடு.

பங்குச் சுவாமியிடம் போனேன். "நேர்த்தியெல்லோ பிள்ளை. நான் எப்பிடி வேண்டாம் எண்டுறது?"

வனசீவராசிக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். லீவு நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தேங்காய் வாங்க மறந்துபோனேன். அதற்கும் ஏச்சு.

ஞாயிறு

திருவிழாப் பூசை முடிந்ததும் விட்டார்கள். மற்றவர்களின் வெள்ளைப் புறாக்கள் ஒரு வட்டம் அடித்துக் கூரைகளில் இறங்கின. இது நேரே மேலே. பனைகளுக்கு மேலால் அங்குமிங்கும். பின்னால் காகங்கள். கடைசியில் கடல் பக்கம்.

"பாத்தியளே, வீட்டுக்குப் போகுது!" அத்தான்தான்.

கைதட்டல் வேறு. மலை தென்கிழக்கே. அது போனது இந்தியாப் பக்கம். அந்த வாயில் ஒன்று போடவேண்டும் போலிருந்தது. வரும் வழியில் செருப்பு அறுந்தது.

திங்கள்

மத்தியானம் பக்கத்து வீட்டுச் சூசையண்ணை, கடல்தொழிலால் வந்தவர், கையில் ஷொப்பிங் பை.

"உங்கட புறாவோ பிள்ளை? நடுக்கடல்ல வள்ளத்துக்குள்ள வந்து விழுந்தது. தண்ணி வச்சுப் பாத்தன். குடிக்கேல்லை."

உயிரில்லை. பிடரிக் கட்டம் உப்புத்தண்ணீரில் ஒட்டிப்போய்க் கிடந்தது. அத்தான் சாப்பாட்டில். அவர் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். "வடிவாப் பாருங்கோ!"

பார்த்தார். முகம் கறுத்தது. எழும்பிக் கை கழுவினார். இப்போதாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தேன், மடைச்சி.

"அப்ப நேர்த்தி மாதாவிட்டப் போய்ச் சேரேல்லை" என்றார் அக்காவிடம். "வாற கிழமை மலைக்குப் போகேக்க இன்னொண்டு கொண்டு வாறன்."