சுறாமுள் தீவு விளக்கின் திருத்தப்பட்ட வரலாறு

நாள் 1. 2094 செப்டம்பர் 27, 16:10

சுறாமுள் தீவில் இறங்கினேன். நான் மட்டும். பெயர் தெக்லா மஸ்கரேன், வயது ஐம்பத்து நான்கு, கடல்வெளித் துப்புரவுப் பிரிவில் கதிர்வீச்சு அளவைப் பொறியாளர். இந்தக் குறிப்பை யார் படிப்பார்கள் என்று தெரியாது. எழுத வேண்டும் என்பது விதி, எழுதுகிறேன்.

இறக்கிய பொருட்கள்: கூடாரம், பதினைந்து நாளுக்குத் தண்ணீரும் உணவும், தடித்த எஃகுப் பேழை ஒன்று, பாரம் தூக்கும் சிறு இயந்திரம் ஒன்று. கப்பல் பத்தாம் நாள் திரும்பி வரும்.

பழைய வரைபடத்தில் தீவின் நீளம் எண்ணூறு மீட்டர். இன்று நடந்து அளந்தேன். இருநூற்றுப் பத்து. மீதியைக் கடல் எடுத்துக்கொண்டது. கலங்கரை விளக்கம் முப்பத்தொரு மீட்டர் உயரம். உச்சியில் விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கோபுரம் கடல் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கதிர்வீச்சு மணிக்கு 0.2 மைக்ரோசீவர்ட். சாதாரணம்.

இடது முழங்காலில் வலி. அதுவும் சாதாரணம்.

நாள் 2. செப்டம்பர் 28, 08:30

கோப்பில் உள்ள வரலாறு இவ்வளவுதான். 2036-இல் கட்டியது. டீசல் கொண்டுவந்து சேர்க்க முடியாத தூரம் என்பதால் அடித்தளத்தில் வெப்ப மின்கலம் வைத்தார்கள். உள்ளே ஸ்ட்ரான்ஷியம் உருளை. அது கதிரியக்கத்தால் தானாகச் சுடும், அந்தச் சூட்டில் மின்சாரம் வரும். கனமான உறை மூடியிருக்கும்வரை பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கலாம். உறை உடைந்தால் பக்கத்தில் நிற்கவே கூடாது.

கடைசி விளக்குக்காரர் சந்தியாகு வாஸ். 2051 நவம்பரில் விளக்கு அணைந்தது. டிசம்பரில் ஒரு கப்பல் வந்து பார்த்தது. தோணி இல்லை, ஆள் இல்லை. கோப்பின் கடைசி வரி: "பணியிடத்தைக் கைவிட்டு ஓடிவிட்டார். மின்கலம் பத்திரமாக உள்ளது." நாற்பத்து மூன்று வருடமாக அந்த வரியை யாரும் தொடவில்லை.

என் வேலை மின்கலத்தை எடுத்துப் பேழையில் அடைப்பது. தீவு மூழ்குவதற்கு முன்னால்.

நாள் 3. செப்டம்பர் 29, 11:45

கோபுரத்தின் அடியில் மின்கல அறையைக் கண்டுபிடித்தேன். உள்ளே போக முடியவில்லை. வாசலை யாரோ பவளக்கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் இந்தச் சுவர் இல்லை. கொத்தன் கட்டிய சுவர் மாதிரியும் இல்லை. கல் கோணல்மாணலாக, சிமெண்டு கையால் அப்பியது போல. தடிமனை ஒலியலையால் அளந்தேன். ஒன்றே கால் மீட்டர்.

ஓடிப்போகிறவன் இப்படி ஒரு சுவர் கட்டுவானா?

தூத்துக்குடிக் கட்டுப்பாட்டறையில் இசக்கித்துரை. நாலு வருடமாக என் வேலைகளுக்கெல்லாம் அவன்தான் வானொலியில் இருப்பான்.

தூத்துக்குடி: "யக்கா, சுவர இடிக்க வேண்டியதுதான? பேப்பர்ல பத்திரம்னுதான போட்டிருக்கு."

நான்: "பேப்பர்ல சுவரே இல்ல இசக்கி. மொதல்ல மேல ஏறிப் பாக்கேன்."

தூத்துக்குடி: "முட்டி வலிய வச்சிக்கிட்டா? மெதுவா ஏறுங்கக்கா."

நாள் 5. அக்டோபர் 1, 14:20

படிகள் கீழ்ப்பகுதியில் இடிந்திருந்தன. ஏணி கட்டி ஏற இரண்டு நாள் ஆனது. உச்சி அறையில் சுவர் அலமாரி. உள்ளே எண்ணெய் டின். டின்னுக்குள் மெழுகுத் துணி சுற்றிய வானிலைப் பதிவேடு. வாஸின் கையெழுத்து. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். முக்கியமானதை இங்கே பிரதி எடுக்கிறேன்.

"அக்டோபர் 19. புயலில் கடல் மின்கல அறைக்குள் புகுந்துவிட்டது. உறை பிளந்திருக்கிறது. மீட்டர் முள் கடைசி வரை போய் நிற்கிறது.

அக்டோபர் 20. அலுவலகத்தை எட்டு முறை அழைத்தேன். மீட்டர் பழுது, பதற வேண்டாம், இடத்தை விட்டு நகரக் கூடாது என்று பதில்.

அக்டோபர் 22. கிணற்றுத் தண்ணீருக்காக மூன்று படகுகள் வந்தன. இறங்க வேண்டாம் என்று கத்தினேன். கேட்கவில்லை. கல்லெறிந்து விரட்டினேன். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அக்டோபர் 31. சுவர் முடிந்தது. ஒன்பது நாள். கைகளில் தோல் இல்லை. சோறு தங்கவில்லை.

நவம்பர் 2. இங்கே செத்துக் கிடந்தால் என்னை எடுக்க யாராவது வருவார்கள். வந்தால் அந்த அறையையும் திறப்பார்கள். விளக்கு எரிந்தால் படகுகள் தேடி வரும், அதனால் அதன் கம்பியை அறுத்துவிட்டேன். தோணியில் போகிறேன். இந்தப் புத்தகத்தைப் படிப்பவர்கள் சுவரைத் தொட வேண்டாம். என் மகள் பிலோமிக்கு ஒன்பது வயது. அவளிடம் பக்குவமாகச் சொல்லவும்."

அவ்வளவுதான். டிசம்பரில் வந்த கப்பல் தீவில் ஆளையே இறக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் எந்தத் தீவை முதலில் துப்புரவு செய்வது என்று பட்டியல் போட்டவள் நான். சுறாமுள்ளைக் கடைசியில் போட்டேன். "பத்திரமாக உள்ளது" என்ற வரியை நம்பி, ஒரு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கையெழுத்துப் போட்டேன்.

நாள் 6. அக்டோபர் 2, 09:15

தூத்துக்குடி: "யக்கா, தெக்க ஒரு தாழ்வுமண்டலம். நாளைக்கழிச்சி அங்கன வந்துரும். கப்பலால இப்பம் வர முடியாது. நீங்க தீவுல ஒசந்த பக்கமாப் போயிருங்க. கோபுரத்துப் பக்கமே போவாதிய."

அலை கோபுரத்தின் அடிக்கல்லை அரித்து இரண்டு மீட்டர் குடைந்திருக்கிறது. இன்னொரு புயலை அது தாங்காது. கோபுரம் விழுந்தால் வாஸ் கட்டிய சுவரும் விழும். உருளை நீரோட்டத்தில் போகும். தீவுக்கு மேற்கே ஏழு கிலோமீட்டரில் சாளை படும் இடம். இன்று காலையில்கூட அங்கே படகுகள் எண்ணினேன். முப்பத்தெட்டு. அந்த மீனைத் தின்னுகிற ஊர்களை எண்ண முடியாது.

13:40

இயந்திரத்தால் பேழையை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டேன். அதோடு இயந்திரம் நின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மூன்று முறை பிரித்து மாட்டினேன். அசையவில்லை.

இடுக்கி இருக்கிறது. இரண்டு மீட்டர் நீளம். கை இருக்கிறது.

நாள் 7. அக்டோபர் 3, 08:50

தூத்துக்குடி: "யக்கா, சொன்னாக் கேளுங்க. உள்ள போனா என்ன ஆவும்னு எனக்கே தெரியுது, ஒங்களுக்குத் தெரியாதா? மேலதிகாரியக் கூப்புடுதேன், அவரு பேசட்டும்."

நான்: "வேண்டாம். அவரு காத்திருன்னுதான் சொல்லுவாரு. முன்னால ஒருத்தர்ட்டயும் அதத்தான் சொன்னாவ. இசக்கி, எனக்கு ஒரு காரியம் செய். பிலோமின்னு ஒருத்தி. சந்தியாகு வாஸ் மவ. எங்க இருக்கான்னு தேடிக் குடு."



தூத்துக்குடி: "தேடுதேன்க்கா."

09:35

உள்ளே ஏழு நிமிடம். உறைப் பிளவுக்குள் இடுக்கியை விட்டு உருளையை எடுத்தேன். பேழையில் போட்டு உள்மூடியைச் சாத்தினேன். என் உடம்பு வாங்கியது 0.6 சீவர்ட். கொஞ்ச நாள் வாந்தி இருக்கும், பிழைத்துக்கொள்ளலாம். வெளியே வந்து மணலில் படுத்தேன். நிம்மதியாக இருந்தது.

09:50

அறையின் அளவு இறங்கவில்லை. பாதிதான் குறைந்திருக்கிறது.

கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். நான் எடுத்தது பாதி உருளை. மற்ற பாதி உடைந்து தரை வெடிப்புக்குள் விழுந்து கிடக்கிறது. இடுக்கி அதில் நுழையாது. கடப்பாரையால் தரையைப் பெயர்த்துக் கிட்டத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு தண்ணீர் குடித்தேன். அலுப்பாக இருக்கிறது. பயத்தைவிட அலுப்புதான் அதிகம். இன்னொரு முறை குனிய வேண்டும் என்ற அலுப்பு.

போகிறேன்.

11:10

இருபத்தாறு நிமிடம். முடிந்தது. கடைசியில் இடுக்கியை எறிந்துவிட்டுக் கையுறையோடு எடுத்தேன். பேழை மூடி, பூட்டி, சோதித்தேன். அறையில் கசிவு இல்லை. பேழையில் மிதவையும் ஒலிக்குறியும் உண்டு. கோபுரம் மேலே விழுந்தாலும் கடல் கொண்டுபோனாலும் கண்டுபிடிக்கலாம்.

மொத்தம் 4.3 சீவர்ட். இந்த அளவு வாங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். நல்ல ஆஸ்பத்திரி கிடைத்தால் பாதிக்கு மேல்.

12:30

மூன்று முறை வாந்தி. 

15:45

இசக்கி தேடிப் பிடித்துவிட்டான். அவள் உவரியில் இருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. வலை தைக்கிற கூடத்தில் மேற்பார்வை. இணைப்புக் கொடுத்தான். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இதை யாரும் சுருக்கக் கூடாது.

பிலோமி: "நான் பிலோமி பேசுதேன். அப்பாவப் பத்தி ஏதோ சொல்லணும்னாவளே. எதுக்குங்க இப்பம்? செத்தாலும் உயிரோட இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்."

பதிவேட்டைப் படித்துக் காட்டினேன். அக்டோபர் 19-லிருந்து கடைசி வரை. கல்லெறிந்த இடத்தில் அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.  

பிலோமி: "எங்கம்மா சாவுற வரைக்கும் அவரு பேரச் சொல்லல. வீட்ல ஒரு படம் கிடையாது. ஓடிப்போனவன் மவளேன்னுதான் என்னயக் கூப்புடுவாவ. என் கல்யாணத்தன்னைக்கும் ஒருத்தி சொன்னா." பிறகு, "அவருக்கு ரொம்ப வலிச்சிருக்குமாக்கா?"

பக்குவமாகச் சொல்லச் சொல்லியிருந்தார். எனக்குப் பக்குவம் வரவில்லை.

நான்: "வலிச்சிருக்கும்மா. ஆனா அவரு அதப் பத்தி ஒரு வரிதான் எழுதுனாரு. ஒன்னப் பத்தித்தான் கடைசி வரி."

பிலோமி: "அந்தப் பொஸ்தகம் எனக்குக் கிடைக்குமா?"

நான்: "கிடைக்கும். என் பையிலதான் இருக்கு."

பிலோமி: "நீங்க நல்லா இருக்கியளா? கொரலு ஒரு மாதிரி இருக்கே."

நான்: "தூங்கல. அவ்வளவுதான்."

16:30

கோப்பில் பதிவேற்றியது: "சந்தியாகு வாஸ் பணியிடத்தைக் கைவிடவில்லை. 2051-இல் கதிர்வீச்சு வெளியேறாமல் தனி ஆளாக அடைத்து, அதனால் இறந்தார். முந்தைய அறிக்கை தவறு. அதை நம்பி இந்தத் தீவைப் பட்டியலின் கடைசியில் வைத்தது என் தவறு. தெ. மஸ்கரேன்."

நாள் 8. அக்டோபர் 4, 13:05

புயல். கூடாரத்தைக் கயிற்றால் பாறையோடு கட்டி உள்ளே கிடக்கிறேன். கோபுரம் விழுந்தது. பெரிய சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது இல்லை. அவ்வளவுதான்.

பேழையின் ஒலிக்குறி வருகிறது. வடமேற்கில், நூறு மீட்டருக்குள். கசிவு இல்லை.

நாள் 9. அக்டோபர் 5, 10:20

எழுத முடியவில்லை. வலது கை வீங்கிவிட்டது. இனி குரல் பதிவு. கருவி கேட்பதையெல்லாம் எழுத்தாக்கும். என் குரலையும் வானொலியையும்.

காய்ச்சல். தண்ணீர் டின் ஒன்று உடைந்துவிட்டது. ஒன்று பாக்கி. குடித்தால் தங்குவதில்லை, அதனால் ஒன்றே போதும்.

தூத்துக்குடி இன்று பேசவில்லை. நானும் அழைக்கவில்லை. பொத்தானை அழுத்தப் பெருவிரல் வரவில்லை.

வருகிறவர்களுக்கு: பேழையை முதலில் எடுங்கள். என் உடுப்பைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பையை மட்டும் உவரிக்கு அனுப்புங்கள். பையில் கசிவு இல்லை, சோதித்துவிட்டேன்.

நாள் 10. அக்டோபர் 6, 07:55

கடல் அடங்கிவிட்டது. வெளியே தவழ்ந்து வந்து பாறையில் சாய்ந்திருக்கிறேன். வெயில் நன்றாக இருக்கிறது. சாளைப் படகுகள் திரும்ப வந்துவிட்டன. எண்ணவில்லை.

08:40

கப்பல். தெற்கே. நம் கப்பல்தான்.

வானொலி: "யக்கா. நான் இசக்கி. கப்பல்லதான் இருக்கேன். அறைல இருப்புக் கொள்ளல, ஏறி வந்துட்டேன். டாக்டர் அம்மாவும் இருக்காவ. கேக்குதா?"

கேட்கிறது. பொத்தான்... கேட்கிறது இசக்கி.

08:52

வானொலி: "யக்கா, கூடாரம் தெரியுது. ஒங்களத்தான் காணும். இந்தா தோணிய எறக்குதாவ. எங்க இருக்கியன்னு கைய மட்டும் ஆட்டுங்க. ஒரு தடவ ஆட்டுனாப் போதும்."

பாறையோடு ஒட்டிக் கிடக்கிறேன். அதனால்தான் தெரியவில்லை. ஆட்ட வேண்டும். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கச் சொல்கிறேன். மடியிலேயே கிடக்கிறது. கொஞ்சம் பொறு. இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன். இதோ

08:54

வானொலி: "யக்கா?"