இரண்டு பூட்டு வாய்க்கால்

அனுமந்தன்பட்டி,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகன் ரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான், எனக்கு மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த ஷார்ஜா வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி தேவலையா? போனில் எதையும் பேச முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால்தான் திங்கட்கிழமை அங்கே கிளம்புகிற ஜோயல் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அய்யா, நடவு முடிந்துவிட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். ஒரு முடி நாற்றுகூட இன்னும் வயலில் இறங்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்து ஒரு மாசம் ஆகப்போகிறது. நம் வாய்க்கால் ஷட்டருக்கு இரண்டு பூட்டு என்பது உனக்குத் தெரியும். ஒரு சாவி மேல்மடைத் தலைவரிடம், இன்னொன்று கீழ்மடைத் தலைவரான உன் அப்பாவிடம், ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் சேர்ந்து நின்று திறக்கட்டும் என்று முன்னால் இருந்தவர்கள் செய்த ஏற்பாடு. இந்த வருஷம் ஷட்டரைப் புதுப்பித்துக் கல்வெட்டு வைத்தார்கள், அதில் மேல்மடை முத்துராமலிங்கம் அண்ணன் பெயர் மேலே, உன் அப்பா பெயர் கீழே. அங்கே பிடித்தது சனியன். கல்லை மாற்றாமல் சாவியை எடுக்க மாட்டேன் என்று இவர், கல்லைத் தொட்டால் தண்ணீரே கிடையாது என்று அவர். ஊரில் நாலு பேர் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் இரண்டு பேரையும் வரவழைத்தார்கள். ஷட்டர் மேடையில் முதலில் ஏறுகிறவன் தோற்றவன் என்று நினைத்து ஆளுக்கொரு கரையில் உச்சி வெயில் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வெட்கக்கேடு! கூட இருக்கிற கட்சிக்காரர்கள் வேறு, "தலைவரே, நீங்க எறங்கிப் போனா நம்ம கரைக்கே அசிங்கம்"னு ஏத்திவிடுறாக. அவர்களில் ஒருத்தனுக்கும் வயல் கிடையாது.

நாற்று முப்பத்தைந்து நாளைத் தாண்டிவிட்டது, இனி நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது, இன்னும் ஒரு வாரம் போனால் மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும். நம் நாற்றங்காலுக்காவது கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. குத்தகைக்கு உழுகிற பஞ்சம்மாள் குடத்தில் தண்ணீர் சுமந்து நாற்றங்காலில் ஊற்றுகிறாள். நேற்று வாசலில் நின்று, "ஏத்தா, கல்லுல பேரு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, என் நாத்துக்கு வாசிக்கவா தெரியும்?"னு கேட்டாள். அப்பா உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. உன் அப்பா நல்ல மனுஷன்தான், ராத்திரி எழுந்து எழுந்து உட்காருகிறார், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை இறங்கிப் பேச மாட்டேன் என்கிறார்.

இன்றைக்கு மாவு மில்லில் முத்துராமலிங்கம் அண்ணன் சம்சாரம் ஜோதிலட்சுமியைப் பார்த்தேன். இந்தச் சண்டையால் நாங்களும் இரண்டு மாசமாகப் பேசவில்லை. அவள்தான் பக்கத்தில் வந்து, "ராணி, எங்க வீட்டுச் சாவி முருகன் படத்துக்குப் பின்னால கெடக்கு, ஒங்க வீட்டுது எங்கன?"ன்னு கேட்டாள். மாதா சொரூபத்துக்கு அடியில் என்றேன். மாவு அரைத்து வாங்குவதற்குள் நாளைக்கே என்று பேசி முடித்துவிட்டோம். நாளைக் காலை முதல் பூசை முடிந்ததும் ஷட்டருக்குப் போகிறோம், பஞ்சம்மாளும் வருகிறாள். யார் முதலில் ஏறுவது என்ற பேச்சே வரவில்லை.

சாவி இப்போது என் முந்தானையில் முடிந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் உன் அப்பா சொல்லை நான் தாண்டியதில்லை. திட்டினால் திட்டட்டும். நீ வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. மாதா உன்னைத் தன் கைக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே: இது கைக்கு வந்து ஒரு வாரம் கழித்து அப்பாவுக்குப் போன் போட்டு, நடவு முடிந்ததா என்று இன்னொரு தடவை கேள். இந்தத் தடவை அவர் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மரியராஜ் சகாயராணி