கட்சியை விட்ட உன் அப்பா

அன்புள்ள ஷெல்பி,

அரிசோனா வெயிலில் வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், உன் அப்பாவின் மானம் ஒன்றைத் தவிர. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "ரெண்டு கட்சியும் ஒண்ணுதாம்மா, நான் எதுலயும் பேர் குடுக்கப்போறதில்ல" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை. இப்போது அவர் புல் வெட்டப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்த பட் பெரியப்பா நம் மாவட்டம், அதாவது கவுண்டி, நடத்துகிற முதியோர் இல்லத்தில் இருக்கிறார் அல்லவா, அதை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கலாம் என்று கவுண்டி சபையில் முதலில் கை தூக்கியவரே நம் கட்சி ஆள் கார்ல் விட்மர்தான். போன தேர்தலுக்கு முன் நம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு வந்து, பெரியப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளி, "இந்த இடத்தை விக்க விட மாட்டேன்" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்ட அதே விட்மர். பக்கத்துக் கவுண்டியில் இப்படி விற்ற பிறகு என்ன ஆனது என்று உனக்கே தெரியும், பாதி ஆயாக்களை வேலையை விட்டு அனுப்பினார்கள், காசு குறைவாகக் கிடைக்கிற நோயாளிகளை எங்கோ தூரத்துக்குத் தள்ளினார்கள். உன் அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அவருடைய தாத்தா காலத்திலிருந்து, உருக்காலை நாளிலிருந்து, கழுதைச் சின்னம் தவிர வேறு பட்டனைத் தொடாத குடும்பம். மறுநாளே வாசல் புல்லில் இருந்த கட்சிப் பலகையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நேராகக் கவுண்டி அலுவலகத்துக்குப் போய், வாக்காளர் பட்டியலில் தன் பெயருக்கு நேரே இருந்த கட்சியை எடுத்துவிட்டு வந்தார். சிகரெட்டை விட்டவர் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முடிவெட்டுகிற கடையில் சொன்னார், தேவாலயத்தில் சொன்னார், பெட்ரோல் போடுகிற பையனிடமும் சொன்னார். "இனிமே நான் யாருக்கும் அடிமை இல்ல டான்யா" என்று என்னிடம் சொன்னபோது, அப்படியானால் இன்று பாத்திரம் கழுவுங்கள் என்றேன், முறைத்தார்.

அப்புறம்தான் நம் வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டு ஜோனி பாஸ்டரெக், அந்த இல்லத்தில் ராத்திரி நர்ஸ் வேலை பார்க்கிறாளே, அவள் விட்மரை எதிர்த்து அதே கட்சிக்குள்ளேயே நிற்கிறேன் என்று கிளம்பினாள். எங்கள் பக்கம் எதிர்க்கட்சி யானைக்காரர்கள் ஆளே நிறுத்துவதில்லை, மே மாதம் கட்சிக்குள் நடக்கிற ஓட்டில் ஜெயிப்பவர்தான் நவம்பர் தேர்தலிலும் ஜெயிக்கிறார், விற்பனையின் கடைசி முடிவு புதிய சபையின் கையில். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜோனிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஓட்டு நாளன்று வேட்டைக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வரிசையில் போய் நின்றார். வாக்காளர் பட்டியல் வைத்திருக்கிற மேசையில் டொலரெஸ். பெயரைப் பார்த்தாள், திரும்பப் பார்த்தாள், "ரஸ், உன் பேருக்கு நேரா கட்சியே இல்லையே. இன்னிக்குக் கட்சிக்காரங்களுக்கு மட்டும்தான் ஓட்டு" என்றாள். "நான் இதே மேசையில காலங்காலமா ஓட்டுப் போடறவன்டி!" "போட்டவன்தான், யாரு இல்லேன்னா? நீதானே ஊரெல்லாம் சொன்ன, விட்டுட்டேன்னு." பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, சத்தியமாக. எனக்கும் அந்த விதி நினைவில் வராமல் போனதுதான் காரணம்.

வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வாசலிலிருந்து விதிப்படி தள்ளி, கொட்டுகிற மழையில் ஜோனியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றார். சாலையில் காரில் போகிறவர்களைக்கூட விடவில்லை. "டேய் மைக், உள்ள போடா! எனக்குத்தான் கட்சி இல்ல, உனக்கு இருக்குல்ல? சும்மா வச்சுக்கிட்டு என்ன பண்ற?" மைக் இதுவரை மே மாதத்தில் ஓட்டுப் போட்டதே இல்லை. அவன் போய் மனைவியையும் மாமியாரையும் கூட்டி வந்தான். கட்சியில் இருந்த காலத்தில் உன் அப்பா ஒரு ஆளைக்கூட இப்படி இழுத்து வந்ததில்லை.

ஜோனி ஜெயித்துவிட்டாள், மயிரிழையில். மறுநாள் பெரியப்பாவிடம் சொல்லப் போனோம். அவர் கோணல் வாயால் மெதுவாக, "இத்தனை வருஷம் நீ போட்ட, விட்மர் மாதிரி ஆளுங்க வந்தாங்க. ஒரே ஒரு தடவ போடல, நல்லவ வந்துட்டா. இப்படியே இருடா தம்பி" என்றார். அறையில் இருந்த ஆயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்பா பெரியப்பாவின் போர்வையைச் சரிசெய்தபடியே இருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை கண்ணு. ஏமாற்றுகிறார்கள். நம் கூடத்துக்கு வந்து நம் மீனைத் தின்றுவிட்டு நம்மையே விற்கிறார்கள். நாளை ஜோனியும் மாறலாம், மாறினால் அவள் கதவைத் தட்ட எனக்கு வழி தெரியும். ஆனால் பெரியப்பாவின் கட்டில் அங்கேயே இருக்குமா என்பது, ஊரில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முடிவானது. அந்தக் கம்பெனிக்காரர்களின் ஆட்கள் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

கட்சியில் திரும்பச் சேருகிற விண்ணப்பம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது, அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கேட்டால் "யோசிக்கிறேன்" என்கிறார். ஆனால் காப்பி தெறித்தால் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் துடைக்கிறார்.

நன்றாகத் தூங்கு, தண்ணீர் நிறையக் குடி, காருக்கு டயர் மாற்று, கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். கட்சியில் பேர் இல்லாதவர்கள் மே மாதம் போல் ஓட்டுப் போடலாமா, உன் ஊரில் சட்டம் எப்படி என்று விசாரித்துவிட்டு அப்புறம் கோபப்படு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, ஒதுங்கி வெளியே நின்றால் எப்படி இருக்கும் என்று அப்பாவிடமே கேள். மழையில் பிடித்த ஜலதோஷம் அவருக்கு இன்னும் போகவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா
டான்யா ஹூடாக்