ரங்கூன் பேக்கரி

12-8-1984, ஞாயிறு
திண்டிவனம்

என்னோடு வேலை பார்க்கும் முருகனின் பெற்றோர் இன்று ஒலக்கூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாங்கள் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த யூதர்கள் என்று முருகன் முன்பே சொல்லியிருந்தார். அப்படியும் அவர் அம்மா, "யூதருன்னா கிறிஸ்தவங்கதானே?" என்று கேட்டார்.

அப்பா அதை விளக்காமல் பெருமையில் இறங்கிவிட்டார். "ரங்கூன்ல சொந்தமா பேக்கரி வெச்சிருந்தேங்க."

காபி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "எந்த பேக்கரி? மாவு மூட்டை தூக்கிக்கினு இருந்தீங்களே, அதுவா?"

"என்னைக் கேக்காம முதலாளி அடுப்பே பத்த வெக்க மாட்டாரு!"

"ஆமா, பத்த வெக்கிறதே நீங்கதானே!"

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். முருகனின் அம்மாவோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவரும் என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ கெணறு, மோட்டாரு எல்லாம் இருக்குன்னாரு. வாக்கப்பட்டு வந்து பாத்தா, அது பக்கத்து நெலத்துக்காரன் கெணறு!"

அவர் கணவர் அவசரமாக, "தேதி குறிச்சிடலாங்க" என்றார்.

கல்யாணம் யார் வழக்கப்படி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் நாளில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக ஒரே கட்சியில் நிற்பார்கள். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.