டிராயிங்கில் கண் கிடையாது

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது வௌவால் எச்சத்தின் வாடை சாலை வரை வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. உயிரோடு இருந்திருந்தால் இதற்கே என்னை அடித்திருப்பாய்.

வார லீவில் மற்றவர்கள் துணிக்கடைக்குப் போவார்கள். நீ என்னைப் படப்பைக்கு அப்பால் வௌவால்கள் அடையும் பாறைக் குகைக்கு இழுத்துப்போவாய். ஒருமுறை எச்சக் குவியலில் கிடந்த கல்லைப் புரட்டி, டார்ச்சை விரல்களால் பாதி மறைத்து, லென்ஸை என்னிடம் நீட்டினாய். எள்ளளவு உடம்பு, பெரிய கொடுக்குகள். வாலும் இல்லை, கொட்டும் முள்ளும் இல்லை. போனில் தேடிப் பெயரும் கண்டுபிடித்து வைத்திருந்தாய். "போலித்தேளுடி. ஒண்ணும் பண்ணாது, பாரு."

ஒயர் கட்டுகளை டிராயிங்கோடு ஒத்துப்பார்த்து, குறை இருப்பதைச் சிவப்புப் பெட்டியில் போடுவதுதானே நம் இருவருக்கும் வேலை. பழக்கதோஷத்தில், "கண்ணு மிஸ்ஸிங்டி. சிவப்புல போடு" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் வௌவால்கள் கலைந்து பறந்தன.

"இதுக்கு டிராயிங்லயே கண்ணு கெடையாதுடி. இருட்டுல கண்ண வெச்சிக்கினு இன்னா பண்ணும்? கொடுக்குல முடி கீது பாரு, அத்த வெச்சிதான் எல்லாம் தெரிஞ்சிக்குது."

கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாய்: "எனக்கு வலது கண்ணு மங்கிக்கினே வருதுடி. கம்பெனி கண் டெஸ்ட்ல தூக்கிடுவாங்க. வூட்ல என் சம்பளம் மட்டுந்தான்." திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் உன் கையை நான் விடவே இல்லை.

பயந்தபடியே டெஸ்டில் தவறினாய். லைனிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். நீ சூப்பர்வைசர் எதிரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேசையில் கிடந்த ஒயர் முனைக் கனெக்டர்களை விரலால் தடவிக்கொண்டே போய், ஒன்றை எடுத்து நீட்டினாய். "இது லாக் ஆவல சார்." அவர் அதை வாங்கி ஒயரை இழுத்துப் பார்த்தார். கழன்று வந்தது. மறுநாளும் நீ அதே லைனில்தான் நின்றாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண் டெஸ்டால் முடியாததை, போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் செய்தது.

உன் இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். கனெக்டரை அடுத்த மேசைக்கு அனுப்புமுன் கண்ணை மூடித் தடவுகிறேன். "இன்னாம்மா, தூக்கமா?" என்று சூப்பர்வைசர் கேட்கிறார்.

"இல்ல சார், பாத்துக்கினு கீறேன்" என்கிறேன்.