மூன்றாம் பெட்டிக்கு மஞ்சள் துணி

ஏப்ரல் 6, 1986. ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். மரங்களில் நான் மாட்டிய குருவிப் பெட்டிகளைப் பார்த்தேன்.
பெ. 1: காலி. உள்ளே எறும்பு.
பெ. 2: பலகை வெடித்திருக்கிறது. மாற்ற வேண்டும்.
பெ. 3: முராய்க் குருவியின் குஞ்சு நான்கு. கண் திறக்கவில்லை. தாய் என் தலைக்கு மேல் வாலைத் தூக்கித் தூக்கித் திட்டியது. இந்த வருஷம் பொரித்தது இது ஒன்றுதான்.
ஆணி வாங்க வேண்டும். முழங்கால் வலி.

ஏப்ரல் 7, திங்கள்

பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கிறார்கள், எண்ணெய்க்குச் செம்பனை நட. பெ. 3 நிற்கும் நிரை புதன்கிழமையாம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டியிடம் கேட்டேன், குஞ்சு பறக்கும்வரை பொறுக்கக் கூடாதா என்று.
"குருவிக்காக புல்டோசர நிறுத்துனா தொரை என்னையத்தான் சாய்ப்பாரு. போய் தேத்தண்ணி குடிங்க லா, பெரியவரே."
ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடமும் போனேன். சிரித்தார். அந்த மரங்களில் பால் வெட்டியே கிழவனானவன் நான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விடியும் முன் போய் பெ. 3 மரத்தில் மஞ்சள் துணி கட்டினேன். மூன்று குங்குமப் பொட்டு, ஓர் எலுமிச்சம்பழம். குங்குமம் மனைவியின் டப்பாவிலிருந்து. மஞ்சள் துணி கட்டிய மரத்தில் இந்தத் தோட்டத்தில் எவனும் கை வைக்க மாட்டான். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கோயில் கமிட்டி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிய நாள் முதல் அந்த வாசலை மிதித்ததில்லை. ஆனால் இவர்களை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

பலித்தது. புல்டோசர்காரன் நம் ஆள்தான். இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போனான். மரம் தனியாக நிற்கிறது. தாய் புழுவோடு வந்து போனது.
மனைவி: "என்னங்க, இன்னிக்குப் பல்லு தெரியுது?"

ஏப்ரல் 11, வெள்ளி

மரத்தடியில் கூட்டம். பக்கத்து லயத்துப் பாக்கியம் பாலும் முட்டையும் வைத்திருக்கிறாள். பெட்டிக்குள் நாகம் சீறியதாம். கற்பூரம், சாம்பிராணி. புகை நேராகப் பெட்டியின் ஓட்டைக்கு. தாய் தூரத்து வேலிக் கம்பத்தில், வாயில் வெட்டுக்கிளியோடு. இறங்கவே இல்லை.
"அது குருவிக்குஞ்சு சத்தம், பாக்கியம்."
"சாமி குருவி ரூபத்துல வந்திருக்கான்னு சொல்லுங்க."

ஏப்ரல் 12, சனி

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், துணி கட்டியது நான்தான் என்று. பாக்கியம் அசரவில்லை. "கோயில் பக்கமே வராத மனுசன் கையால கட்ட வச்சிருக்கான் பாருங்க. அதான் அவன் சக்தி." என்னையே கும்பிட்டார்கள்.
முனியாண்டி மட்டும் என்னைத் தனியே இழுத்துப் போனான். "வாய மூடிக்கிட்டு இருங்க. இது தொரை காதுக்குப் போச்சுன்னா மறுநாளே மரம் கீழ."
சொன்னால் மரம் போகும். சொல்லாவிட்டால் குஞ்சு.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏணி போட்டு ஏறினேன். இரண்டு செத்துக் கிடந்தன. இரண்டு வாய் திறந்தன. வெட்டுக்கிளியின் காலை ஒடித்துவிட்டு ஊட்டினேன். ஒன்று விழுங்கியது. அதற்குள் கமிட்டித் தலைவர் ஆட்களோடு வந்துவிட்டார்.
"சாமி தலைக்கு மேல ஏறி நிக்கிறீங்களே. எறங்குங்க."
"குஞ்சுக்குப் பசி."
"நாளைக்குப் பொங்கலே வைக்கிறோம்."
இறங்க மாட்டேன் என்றேன். இளவட்டங்கள் ஏறி, "மெதுவா தாத்தா, மெதுவா" என்று குழந்தையைப் போல் தூக்கி இறக்கினார்கள். ஏணியும் அவர்களோடு போனது.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை 1

நல்ல வெயில். விடிந்ததிலிருந்து பாட்டு. துரையே வந்து மாலை வாங்கிக்கொண்டார். அந்த மரத்தை என்றைக்கும் வெட்ட மாட்டோம் என்று மைக்கில் சொன்னார். கைதட்டல். மனைவி சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தாள். தொடவில்லை.
வேலிக் கம்பத்தில் தாய் இல்லை.
ஏணி கேட்டேன். ஸ்பீக்கரை அவிழ்க்க வேண்டும், திருவிழா முடிந்ததும் தருகிறோம் என்றார்கள். ஸ்பீக்கர் கட்டியிருப்பது பெட்டிக்கு மேல் கிளையில்.
பெ. 1: எறும்பு.
பெ. 2: பலகை மாற்றியாயிற்று.
பெ. 3: பார்க்க முடியவில்லை.